போட்டு வைத்தும் ஏறாத சார்ஜ்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் இது. எல்லோருக்கும் பொதுவாக ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நம் எல்லோருக்கும் பொதுவானது எது என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் வருகைப் பதிவு, பிறகு செயலியில் மதிப்பீடு, இடையில் புலனக் குழுவில் வரும் படிவங்கள். மாலை மூன்று மணிக்கு நம் எல்லோருடைய கைபேசியிலும் சார்ஜ் இருக்காது. அதைப் பற்றியே பேசலாம் என்று வந்துவிட்டேன். சிரிக்கிறீர்கள். சிரிக்கும் விஷயமாக இல்லாத ஒரு நாளும் எனக்கு இருந்தது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு உங்களுக்குத் தெரியும். தேர்ச்சி பெற்றுத் தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் சிலர் பத்தாம் வகுப்போடு நிற்காமல் இருப்பதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். அந்த ஆண்டு பதினான்கு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். பதிவேற்றக் கடைசி நாள் வரை இழுத்துவிட்டது என் தவறு. கடைசி நாளில் பார்த்து எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை.

(இந்த மின்தடை என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. வகுப்பில் ஓம் அலகில் அளப்பதும் மின்தடை, நாளிதழில் வருவதும் மின்தடை. ஒரு மாணவன் தேர்வில், "மின்தடை அதிகமானால் ஃபேன் சுற்றாது" என்று எழுதினான். மதிப்பெண் போடவா வேண்டாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

பள்ளியின் இணையமும் மின்சாரத்தோடு போய்விட்டது. மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. என் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதிலிருந்து மடிக்கணினிக்கு இணையம் எடுத்தேன். மதியம் ஒன்றரை மணிக்குக் கைபேசியில் 14 விழுக்காடு. கவலைப்படவில்லை. கேபிளை எடுத்து மடிக்கணினியின் பக்கத்தில் இருந்த யூ.எஸ்.பி. போர்ட்டில் சொருகினேன். மின்னல் அடையாளம் வந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று நம்பி வேலையைப் பார்த்தேன்.

நான்கு மணிக்குப் பார்த்தால் 5 விழுக்காடு. மின்னல் அடையாளம் அப்படியே இருக்கிறது. கேபிள் சரியாகத்தான் இருக்கிறது. பழைய பேட்டரிக்கு அந்தக் கடைசி ஐந்து விழுக்காடு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒன்பது பேருடைய விண்ணப்பம் ஏறியிருந்தது, ஐந்து பேருடையது ஏறவில்லை. தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு வண்டியை விட்டேன். அங்கே ஒரு கணினி மையத்தில் இடம் கிடைத்து, கடைசி விண்ணப்பம் ஏறும்போது இரவு எட்டே முக்கால். அந்தக் கடைசித் தாளுக்குரிய மாணவியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எட்டே முக்கால் வரை அவருக்கு இது எதுவும் தெரியாது, பிறகும் நான் சொல்லவில்லை.

மறுநாள் பத்தாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். ஆசிரியர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கேட்பார்கள். ஒருவன் எழுந்தான்.

"சார், சார்ஜ் போட்டுத்தானே வச்சிருந்தீங்க? அப்புறம் எப்படி இறங்குச்சு?"

"லேப்டாப் கொஞ்சமாத்தான்டா கரண்ட் தள்ளும். சார்ஜர்னா நிறையத் தள்ளும்" என்றேன்.

"ரெண்டுமே அஞ்சு வோல்ட்தானே சார்? வி ஒண்ணா இருந்தா ஐயும் ஒண்ணாத்தானே இருக்கணும்?"

மின்னோட்டவியல் பாடத்தை நான் முடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் கற்பித்த ஓம் விதியை எடுத்து என்னிடமே நீட்டுகிறான். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி உட்காரவைத்தேன். அன்று முழுதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவன் சொன்னதிலும் ஒரு பிழை இருக்கிறது, நான் சொன்னதில் அதைவிடப் பெரிய பிழை இருக்கிறது. என் பிழையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

மடிக்கணினி மின்னோட்டத்தைத் தள்ளவில்லை. சார்ஜரும் தள்ளவில்லை. 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தயாராக வைத்திருப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. எவ்வளவு மின்னோட்டம் எடுப்பது என்று தீர்மானிப்பது கைபேசி. வீட்டில் 6 ஆம்பியர் பிளக்கில் ஒரு 10 வாட் எல்.இ.டி. பல்பை மாட்டினால் அதற்குள் 6 ஆம்பியர் பாய்ந்துவிடுவதில்லை அல்லவா? பல்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. ஆனால் கைபேசி பல்பைப் போல வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொள்ளாது. முதலில் கேட்கும். நியாயவிலைக் கடையில் அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தாலும் நம் அட்டைக்கு உள்ளதைத்தானே வாங்குகிறோம்? அதுபோலத்தான்.

யூ.எஸ்.பி. என்பது முதலில் சார்ஜ் போடுவதற்காக வந்ததே இல்லை. விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர் போன்றவற்றை இணைக்க வந்தது. கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. இணைக்கும் கருவி முதலில் 100 மில்லி ஆம்பியருக்குள் அடங்கியிருக்க வேண்டும். கணினியோடு பேசி, தான் இன்ன கருவி என்று சொல்லி, அனுமதி கிடைத்த பிறகு 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். யூ.எஸ்.பி. 2.0 விதி இது. 5 வோல்ட், அரை ஆம்பியர், பெருக்கினால் இரண்டரை வாட். யூ.எஸ்.பி. 3.0 வந்தபோது அது 900 மில்லி ஆம்பியராக, அதாவது நாலரை வாட்டாக உயர்ந்தது.

சுவரில் மாட்டும் சார்ஜரோடு பேச முடியாது, அதற்குள் கணினி இல்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். சார்ஜருக்குள் அந்த இரண்டு தகவல் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்கள். கைபேசி அதைச் சோதித்துப் பார்க்கும். இரண்டும் ஒட்டியிருந்தால், இது கணினி இல்லை, சார்ஜர், தாராளமாக எடுக்கலாம் என்று புரிந்துகொண்டு ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். 2010இல் வந்த பேட்டரி சார்ஜிங் 1.2 என்ற விதித்தொகுப்பில் இது இருக்கிறது. அதே தொகுப்பில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: தகவலும் பரிமாறிக்கொண்டு, கூடவே ஒன்றரை ஆம்பியர் வரை எடுக்கவும் அனுமதி தரும் கணினி போர்ட்.

எனக்கு வியப்பாக இருந்தது இதுதான்: பல மடிக்கணினிகளில் அந்தச் சாதாரண போர்ட்டால் அரை ஆம்பியருக்கு மேலும் கொடுக்க முடியும். கைபேசிதான் விதிக்குக் கட்டுப்பட்டு அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்கிறது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். வி ஒன்றாக இருந்தால் ஐ ஒன்றாக இருக்கும் என்பது, ஆர் மாறாமல் இருந்தால்தான். கைபேசியின் சார்ஜ் சுற்று ஒரு நிலையான மின்தடை இல்லை. கணினி போர்ட்டில் 5 வோல்ட்டுக்கு 0.5 ஆம்பியர், அப்படியானால் அது 10 ஓம் போல நடந்துகொள்கிறது. சார்ஜரில் 5 வோல்ட்டுக்கு 1.5 ஆம்பியர், அப்போது மூன்றே சொச்சம் ஓம். ஓம் விதியைப் பாடம் நடத்தும்போது 'வெப்பநிலை மாறாதிருக்கும்போது' என்று வரும் வரியை நாம் வேகமாகத் தாண்டிப் போகிறோம். நானும்தான் தாண்டிப் போனேன்.

மறுநாள் வகுப்புக்கு ஒரு யூ.எஸ்.பி. மீட்டரோடு போக முடியவில்லை. வாங்கி வர ஒரு வாரம் ஆனது. சில நூறு ரூபாய்தான், கட்டைவிரல் அளவு இருக்கும். போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டினால் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் காட்டும். அதே மடிக்கணினி, அதே கைபேசி, அதே கேபிள். திரையை அணைத்து வைத்தபோது 0.47 ஆம்பியர் காட்டியது. சுவர் சார்ஜரில் போட்டால் 1.4. ஹாட்ஸ்பாட்டைப் போட்டுத் திரையையும் எரியவிட்டோம். மடிக்கணினி போர்ட்டில் மீட்டர் அதே 0.47ஐத்தான் காட்டுகிறது. மின்னல் அடையாளமும் இருக்கிறது. அரை மணி நேரத்தில் விழுக்காடு இரண்டு இறங்கிவிட்டது. வரவு இரண்டரை வாட்டுக்கும் குறைவு, செலவு அதைவிடக் கூடுதல். வகுப்பே கைதட்டியது. அன்று மாலை என் கைபேசி ஏன் அணைந்தது என்பதை நானும் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு. இன்று பலர் வைத்திருக்கும் கைபேசியில் 5000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும். 500 மில்லி ஆம்பியரில் ஏற்றினால் எத்தனை மணி நேரம்? பிள்ளைகள் உடனே பத்து என்பார்கள். வகுத்தது சரி, ஆனால் 5000 என்பது பேட்டரியின் மின்னழுத்தத்தில், ஏறக்குறைய 3.85 வோல்ட்டில் சொன்ன கணக்கு. போர்ட்டின் 500 என்பது 5 வோல்ட்டில். அலகு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வகுக்கக் கூடாது. ஆற்றலுக்கு மாற்ற வேண்டும். 5 ஆம்பியர் மணியை 3.85ஆல் பெருக்கினால் 19 வாட் மணிக்குச் சற்றுக் கூடுதல். அதை இரண்டரை வாட்டால் வகுத்தால் ஏழே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரம் வரை ஆகலாம். அதுவும் கைபேசியைத் தொடாமல் வைத்திருந்தால்.

அப்படியானால் மடிக்கணினியிலிருந்து வேகமாக ஏற்ற வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முதலில் உங்கள் மடிக்கணினியின் எல்லாப் போர்ட்டுகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எல்லாம் ஒன்றல்ல. ஏதாவது ஒன்றின் அருகில் சிறிய மின்னல் குறியோ பேட்டரிப் படமோ இருந்தால் பெரும்பாலும் அதுதான் ஒன்றரை ஆம்பியர் தரக்கூடிய மூன்றாவது வகை. மடிக்கணினி உறங்கும்போதும் அது வேலை செய்யும், சிலவற்றில் இதற்குத் தனி அமைப்பை இயக்கிவைக்க வேண்டும். மற்றப் போர்ட்டுகளில் பலவும் மூடியைச் சாய்த்ததும் அணைந்துவிடும். இரவில் மடிக்கணினியில் சொருகி மூடி வைத்துவிட்டுக் காலையில் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

உள்ளே நீல நிறத்தில் இருக்கும் போர்ட் பொதுவாக யூ.எஸ்.பி. 3. அதில் போட்டால் 900 கிடைக்கும் என்று நான் முதலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. கைபேசியோ கேபிளோ பழைய 2.0 விதிப்படி பேசினால், நீலப் போர்ட்டும் 500 அனுமதிதான் தரும். சி வகை வாய் இருந்தும் உள்ளே 2.0 விதியிலேயே பேசும் கைபேசிகள் ஏராளம்.

மடிக்கணினியில் சி வகைப் போர்ட் இருந்தால் இரண்டு முனையும் சி வகையாக உள்ள கேபிளைப் பயன்படுத்துங்கள். இங்கே அனுமதி கேட்கும் முறையே வேறு, பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சி வகையில் சி.சி. என்று ஒரு தனி முனை உண்டு. கைபேசிக்குள் அந்த முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை. கொடுக்கும் பக்கத்தில் 5 வோல்ட்டோடு இணைந்த இன்னொரு மின்தடை. இரண்டும் தொடரிணைப்பு. கொடுக்கும் பக்கம் 56 கிலோ ஓம் என்றால் பழைய, சாதாரண அளவு. 22 என்றால் 1.5 ஆம்பியர். 10 என்றால் 3 ஆம்பியர். கைபேசி தன் 5.1 கிலோ ஓமின் குறுக்கே மின்னழுத்தத்தை அளக்கிறது. 56 என்றால் 0.42 வோல்ட், 22 என்றால் 0.94, 10 என்றால் 1.69. அந்த எண்ணைப் பார்த்துத் தனக்கு எவ்வளவு அனுமதி என்று தெரிந்துகொள்கிறது. தொடரிணைப்பில் மின்னழுத்தம் பகிர்ந்துகொள்ளப்படும் என்று கரும்பலகையில் எழுதுகிறோமே, அது இந்த நிமிடம் உங்கள் கையில் இருக்கும் கைபேசிக்குள் நடக்கிறது. மூன்று ஆம்பியர் கிடைத்தால் 15 வாட். இரண்டரை வாட்டோடு ஒப்பிட்டால் ஆறு மடங்கு.

ஒரு முனை பழைய ஏ வகை, மறுமுனை சி வகை என்றால் அந்தக் கேபிளுக்குள்ளேயே 56 கிலோ ஓம் வைத்திருப்பார்கள். கைபேசிக்குக் கிடைக்கும் செய்தி, சாதாரண அளவு என்பதுதான்.

33 வாட், 67 வாட் என்று விளம்பரத்தில் வரும் வேகமெல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கைபேசியோடு வரும் சார்ஜரும் கேபிளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தனி மொழி. மடிக்கணினிக்கு அந்த மொழி தெரியாது. அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கேபிளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சிலவற்றின் மேல் பொடி எழுத்தில் 28, 24 என்று கம்பியின் கனம் அச்சிட்டிருக்கும். எண் குறைந்தால் கம்பி தடிமன். 28 எண் செம்புக் கம்பியில் ஒரு மீட்டருக்குப் போக வர சுமார் 0.43 ஓம். ஒன்றரை ஆம்பியர் ஓடினால் கம்பியிலேயே 0.6 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 24 எண்ணில் கால் வோல்ட்தான். மின்னழுத்தம் சரிவதைக் கண்டால் கைபேசியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அனுமதியே அரை ஆம்பியர் என்றால் எவ்வளவு நல்ல கேபிள் வாங்கினாலும் பெரிய மாற்றம் இருக்காது. போர்ட்டைப் பார்க்காமல் கேபிளை மாற்றிக்கொண்டே இருந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

தகவல் கம்பிகளை ஒட்டவைத்து, கணினியைச் சார்ஜர் என்று கைபேசியை நம்பவைக்கும் சிறு இணைப்பிகள் கடையில் கிடைக்கின்றன. பள்ளி மடிக்கணினியில் அதைப் போடாதீர்கள். தாங்கக்கூடிய போர்ட் என்றால் ஒன்றுமில்லை. தாங்காவிட்டால் போர்ட்டின் பாதுகாப்புச் சுற்று அதை அணைத்துவிடும், பழைய இயந்திரமாக இருந்தால் பழுதாகவும் கூடும். பொருள் பதிவேட்டில் இருக்கும் மடிக்கணினி. பதில் நாம்தான் சொல்ல வேண்டும்.

வரவைக் கூட்ட முடியாத இடத்தில் செலவைக் குறைக்கலாம். அன்று நான் செய்திருக்க வேண்டியது அதுதான். கைபேசி ஏற்கெனவே கேபிளில் இருந்தது. வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக அதே கேபிள் வழியாக இணையத்தைக் கொடுக்கும் வசதி கைபேசியின் அமைப்பிலேயே இருக்கிறது, யூ.எஸ்.பி. டெதரிங் என்று போட்டிருக்கும். திரையை அணைத்திருக்கலாம். கைபேசியைச் சன்னலோரம் வைத்திருக்கலாம். சமிக்ஞை பலவீனமான இடத்தில் கைபேசி கூடுதல் திறனோடு ஒலிபரப்ப வேண்டியிருக்கிறது, எங்கள் அலுவலக அறையில் ஒற்றைக் கோடுதான் வரும். வெயில் விழும் சன்னல் வேண்டாம். சூடானால் பேட்டரியைக் காக்கக் கைபேசியே சார்ஜைக் குறைத்துவிடும். மடிக்கணினியின் விசைப்பலகை மேலேயே கைபேசியைப் படுக்கவைத்துச் சார்ஜ் போடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கீழிருந்து வரும் சூடு முழுக்க அதற்குத்தான்.

இன்னொன்று. எண்பது விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம் மெதுவாவது லித்தியம் அயனி பேட்டரியின் இயல்பு, போர்ட்டின் குறை அல்ல. அவசரத்துக்கு ஐம்பது வரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதே கெட்டிக்காரத்தனம். மின்சாரம் இல்லாத நாளில் மடிக்கணினியின் பேட்டரியையும் நினைவில் வையுங்கள். அது 40 வாட் மணி என்றால், ஒரு கைபேசியை முழுதாக நிரப்பினால் இழப்போடு சேர்த்துப் பாதிக்கு மேல் போய்விடும். பிறகு விண்ணப்பம் ஏற்ற கைபேசி இருக்கும், மடிக்கணினி இருக்காது.

தொடக்கநிலை ஆசிரியர்கள், எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஐந்தாம் வகுப்பில் ஆம்பியர் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுக்காட்டைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் மடிக்கணினியில், ஒரு நாள் சார்ஜரில். வரைபடம் போடட்டும். எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சர் செய்தார்கள். "டீச்சர், இந்தக் கோடு படுத்துக்கிடக்கு, அந்தக் கோடு எழுந்து நிக்குது" என்றாளாம் ஒரு குழந்தை. சாய்வு என்ற கருத்தை நாங்கள் உயர்நிலைப் பள்ளியில் எவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவருகிறோம்!

அந்தப் பத்தாம் வகுப்புப் பையனிடம், மீட்டர் வந்த அன்றைக்கே, "நான் தப்பாச் சொல்லிட்டேன்டா, தள்ளுறது இல்ல, எடுக்கிறது" என்று வகுப்பு முன்னால் சொன்னேன். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்: "அப்ப 67 வாட் சார்ஜர்ல எங்க அப்பாவோட பட்டன் போனைப் போட்டா வெடிக்காதா சார்?" போட்டுப் பார்த்தோம். 0.4 ஆம்பியர்தான் எடுத்தது.

மீட்டர் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். அந்த மேசையில் நான்கு மடிக்கணினிகள் இருக்கின்றன. உங்கள் கேபிளையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தேநீர் வருவதற்குள் எந்தப் போர்ட் எவ்வளவு தருகிறது என்று எழுதி ஒட்டிவிடலாம்.